பேசாமல் இருக்கக் காசு கொடுத்தவர்

பேசுவதற்குக் காசு கொடுப்பவர்களை வைத்துத்தான் எஸ்.டி.டி. பூத் நடக்கும். ஏற்காடு கடைவீதியில் நான் பூத் நடத்திய பன்னிரண்டு வருஷத்தில், பேசாமல் இருப்பதற்குக் காசு கொடுத்த ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன். அதுவும் பம்பாய்க்கு, பகல் பதினொரு மணிக்கு, முழு ரேட்டில்.

பெயர் வேண்டாம். மலையில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர். உண்மையில் அவர் கப்பலில் வேலை பார்க்கவில்லை. வளைகுடாவில் நடுக்கடலில் இரும்புக் கால் ஊன்றி எண்ணெய் எடுக்கிற மேடைகள் இருக்கின்றனவே, அவற்றில் கிரேன் ஓட்டினார். மஞ்சக்குட்டையில் மிளகும் காப்பியும் போட்ட குடும்பத்துப் பிள்ளை கடலுக்கு நடுவில் போய்க் கிரேன் ஓட்டுகிற கதையை ஒருவருக்கு விளக்கி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். அதனால் அவரும் கப்பல் என்றே ஒப்புக்கொண்டுவிட்டார்.

அந்த வேலை நிரந்தர வேலை அல்ல. ஆறு மாதம், எட்டு மாதம் என்று ஒப்பந்தம். முடிந்ததும் மலைக்கு வந்துவிடுவார். அடுத்த ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கிற பம்பாய் ஏஜென்சியோடு மறுபடி முதலிலிருந்து பேரம் பேச வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை டாலர் என்று. அந்தப் பேரம் எல்லாம் என் பூத்தில்தான் நடந்தது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். குழந்தையில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்த பூத் அது. கால் ஓடாத குறைக்கும் சேர்த்து உன் வாய் ஓடுகிறது என்று என் தம்பி கிண்டல் செய்வான். அவன் சொல்வது சரிதான். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பேசாமல் இருக்க முடியாது. எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் முதல் தேனிலவுக்கு வந்த ஜோடி வரைக்கும் என்னிடம் பத்து நிமிஷம் பேசாமல் யாரும் படி இறங்கியதில்லை.

அவர் முதல்முறை வந்தபோது நான் பயந்துவிட்டேன். கேபினில் போய் நின்று நம்பரைச் சுழற்றினார். "மொதல்ல நீங்க சொல்லுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து "ம்" என்றார். அவ்வளவுதான். ரிசீவரை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றி, தோளால் அணைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்தார். காம்பு இருந்த இடத்தில் நகத்தை வைத்துச் சுற்றிச் சுற்றி உரிக்க ஆரம்பித்தார். தோல் அறுந்துவிடாமல் ஒரே நாடாவாக வந்தது. கேபினுக்கு மேலே சிவப்பு எழுத்தில் காசு ஓடிக்கொண்டிருக்கிறது. மனிதர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறார். லைன் கிடைக்காமல்தான் நிற்கிறாரோ என்று நான் கண்ணாடியைத் தட்டினேன். திரும்பியே பார்க்கவில்லை.

தோல் முழுதும் வந்ததும் ரிசீவரை மறுபடி வலது காதுக்கு மாற்றினார். கேட்டார். "ஆகட்டுங்க" என்று சொல்லி வைத்துவிட்டு வெளியே வந்து பில்லுக்குக் காசு கொடுத்தார். அந்த ஒரு ஆரஞ்சில் ஒரு நாள் கூலி நாலு டாலர் ஏறியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எனக்கு அது நல்ல வியாபாரம்தான். இருந்தாலும் வயிறு எரியும். பேசுகிறவர்களே ஒரு நிமிஷத்துக்குள் முடித்துவிட்டு ஓடுகிற காலம் அது. மனைவிக்குப் பிரசவம் ஆன செய்தியைக்கூட நாலே வார்த்தையில் சொல்லிவிட்டு மீட்டரைப் பார்ப்பார்கள். இவரானால் பம்பாய் வரைக்கும் மௌனத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்.

ராத்திரியில் வந்தால் கால்வாசிக் காசுதானே ஆகும் என்று ஒருமுறை கேட்டேன். அப்போது அவர் பில் பார்க்க மேஜைக்கு நேர் எதிரில் நின்றிருந்தார், அதனால் பதில் கிடைத்தது. "ராத்திரி ஆபீசுல யாருங்க இருப்பாங்க?" என்றார். அதோடு சரி. மற்றபடி நான் என்ன கேட்டாலும் பதில் வராது. கேபினை விட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்காருவார். என் மேஜை அவருக்கு இடது பக்கம். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இந்த வருஷம் இருப்பீர்களா, கடலில் சோறு போடுவார்களா, அலை மேடையில் ஏறுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு சுளை தின்பார். டாலர் சம்பாதிக்கிற திமிர் என்று தீர்மானித்தேன். அதைத் தம்பியிடமும் சொன்னேன், பக்கத்து ஸ்டூடியோக்காரரிடமும் சொன்னேன்.

ஆனால் அந்தத் திமிருக்குப் பொருந்தாத சங்கதிகளும் காதில் விழுந்தன. பம்பாய்க்காரனையே மடக்குகிற மனிதர் எங்கள் கடைவீதியில் ஒரு கட்டு கீரைக்குக்கூட விலை குறைத்துக் கேட்க மாட்டார். செருப்புக் கடையில் சொன்ன விலை, ஜீப்பில் கேட்ட காசு. ஒரு வருஷம் மிளகு வாங்க வந்த வியாபாரி தன் மகளுக்கு வரன் தட்டிப்போன கதையைச் சொல்லியிருக்கிறார். இவர் கேட்டுவிட்டு, வியாபாரி கேட்ட விலைக்கும் குறைவாகவே மிளகைக் கொடுத்தனுப்பிவிட்டார். அதிலிருந்து மிளகு விற்கிற நாளில் அவரை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை என்று அவர் மனைவியே என்னிடம் சொன்னார். "இவரை எப்பிடித்தானுங்க அந்தக் கடல்காரங்க நொம்பக் கறாரான ஆளுங்கறாங்க?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஏஜென்சியில் அவரோடு பேசுகிறவர் ஒரு தமிழர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள், பம்பாயிலேயே தங்கிவிட்டவர். கப்பல்காரர் தகவலுக்கு என் பூத் நம்பரைக் கொடுத்திருந்ததால் அவர் அங்கிருந்து கூப்பிடும்போது நான்தான் எடுப்பேன். வெண்ணெய் தடவிய குரல். வாய் என்னைவிடப் பெரிது. அவருக்குச் சர்க்கரை வியாதி, காலில் புண் ஆறவில்லை, முதலாளி நாய் மாதிரி குரைக்கிறார், மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்காமலே எனக்கு மனப்பாடம். எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் அந்த மௌனம் அத்தனை வருஷம் பிழைத்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒரு புரட்டாசி மாதத்துக் கதை. அப்போது கப்பல்காரர் மஞ்சக்குட்டையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பி நின்றது, கூரை இல்லை. கையில் ஓட்டுக்கும் மரத்துக்கும் சரியாகப் பணம் இருந்தது. அதைப் போட்டுவிட்டால் அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் சாப்பாட்டுக்கு இராது. அதனால் ஒப்பந்தம் உறுதியானால்தான் கூரை என்று வைத்திருந்தார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பச்சை மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர் என்ன ஆகும் என்று மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒப்பந்தமோ இழுத்துக்கொண்டிருந்தது. இந்த முறை தகராறு கூலியில் இல்லை. போன தடவை கடல் கொந்தளிப்பு என்று சொல்லி, மேடைக்கு அனுப்பாமல் துறைமுகத்து லாட்ஜில் பத்தொன்பது நாள் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. இந்த முறை காத்திருக்கிற நாளுக்கும் கூலி வேண்டும் என்று கப்பல்காரர் கேட்டார். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு உலகத்தில் எவன் அண்ணாச்சி காசு கொடுப்பான் என்று பம்பாய்க்காரர் கேட்டார். அதற்கே என்னிடம் வருஷக்கணக்கில் காசு கொடுத்த மனிதரிடம் போய் அப்படிக் கேட்டால் அவர் என்ன சொல்வார்?

அந்த வாரம் அவர் மனைவி காய்கறி வாங்க வந்தவர் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அண்ணன் வீட்டில் ஒரு அறையில் நாலு மாதமாகக் குடும்பம் நடத்துகிற சங்கடத்தைச் சொன்னார். அண்ணன் மனைவி பாத்திரத்தை வைக்கிற சத்தமே இப்போது வேறு மாதிரி கேட்கிறதாம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க சொன்னாலாச்சும் கேப்பாரு. அவங்க குடுக்கறதுக்குச் சரின்னு சொல்லச் சொல்லுங்க. எனக்குக் கூரை வேணுமுங்க."

சொல்கிறேன் என்றேன். பெஞ்சில் உட்காரட்டும், காது புளிக்கப் புளிக்கச் சொல்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். காலையிலிருந்து பனியும் தூறலுமாக இருந்தது. அந்தப் பருவத்தின் முதல் ஆரஞ்சு சட்டைப் பையில் இருந்தது. இன்னும் பச்சை போகாத காய், தோல் சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கேபினுக்குள் போனார். வலது காதில் கேட்டார். நாளுக்கு ஐம்பது டாலர் சரி, காத்திருக்கிற நாளுக்கு ஒன்றும் கிடையாது, பட்டியல் இன்று சாயங்காலம் கம்பெனிக்குப் போகிறது, அதற்குள் பதில் வேண்டும் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு என்று பிறகு அவரே சொன்னார். இவர் "ம்" என்றார். ரிசீவர் இடது காதுக்குப் போயிற்று. நகம் தோலில் இறங்கியது.

மழை திடீரென்று வலுத்தது. மீட்டரில் சிவப்பு எழுத்து நின்றுவிட்டது. மலைப்பாதையில் எங்காவது ஒரு வளைவில் மரம் விழுந்தால் எங்கள் லைன் போய்விடும், எனக்குப் பழக்கம்தான். அவர் வெளியே வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. செத்துப்போன போனைக் காதில் அணைத்துக்கொண்டு நிதானமாக உரித்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடியைத் தட்டினேன். கூப்பிட்டேன், மழை இரைச்சலில் எடுபடவில்லை. நாலு நிமிஷம் ஆயிற்று. கடைசியில் காலை இழுத்துக்கொண்டு போய், கதவைத் திறந்து, அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன், லைன் போய்விட்டது என்று.

மீட்டரைப் பார்த்தார். ரிசீவரை வலது காதில் வைத்துக் கேட்டார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"இந்தக் காது கேக்காதுங்க அம்மணி" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினார். கிரேன் இன்ஜின் அந்தப் பக்கம்தானாம், வருஷக்கணக்காக அடித்து அடித்துப் போய்விட்டதாம். அப்படியானால் வேலை எப்படி என்று கேட்டேன். கிரேனுக்குப் பேச்சே கிடையாது, கீழே நிற்கிறவன் கையை அசைக்கிறதுதான் பாஷை என்றார். சரி, கேட்காத காதில் எதற்கு ரிசீவரை வைக்கிறீர்கள் என்றேன்.

கொஞ்சம் வெட்கப்பட்டார். "ரேட்டு சொன்னதுக்கப்பறம் அந்த மனுசன் அழுவாருங்க. சக்கரைங்கறாரு, கால்ல புண்ணுங்கறாரு, புள்ளைக்கு பீசுங்கறாரு. கேட்டா எனக்கு மனசு எளகிப் போகுமுங்க, சரின்னு சொல்லிப்போடுவேன். அதான் ரேட்டை இந்தக் காதுல கேட்டுக்கிட்டு, அழுகைய அந்தக் காதுல வச்சுக்கறது. ஒரு ஆரஞ்சு உரிக்கறதுக்குள்ள அவரே ஒரு முடிவுக்கு வந்திருப்பாருங்க."

பம்பாயே நடுங்கிய மௌனத்தின் லட்சணம் அதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. பெஞ்சில் இருந்த அவருக்கு இடது பக்கமாக உட்கார்ந்து ஆறு வருஷம் நான் கேட்ட கேள்விகள், கடைவீதி இரைச்சலில், ஒன்றுகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை. திமிர் பிடித்தவர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்ததற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? ஸ்டூடியோக்காரரிடம் மட்டும் அன்றே திருத்திச் சொன்னேன்.

லைன் வரவில்லை. மத்தியானமாயிற்று. அவருக்குச் சிரிப்பு போய்க் கவலை வந்துவிட்டது. நடுவில் அறுந்ததைக் கோபத்தில் வைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டால், பட்டியலில் பெயர் இராது. மூன்றரைக்கு மஞ்சக்குட்டை பஸ். அதை விட்டால் மழையில் ஜீப்பும் நிச்சயமில்லை. பஸ் ஹாரன் அடித்ததும் எழுந்தார். பாதி உரித்த ஆரஞ்சை என் மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டார்.

"அவரு கூப்புட்டா, அம்பது போதும், காத்திருக்கற நாளுக்கு ஒண்ணும் வேண்டாம், ஒத்துக்கிட்டாருன்னு சொல்லிப்போடுங்க அம்மணி. ஊட்டுல அவ மொகத்தப் பாக்க முடியலீங்க."

நான் தலையாட்டினேன். அவர் மனைவி கேட்டதும் அதுதான், அவர் சொன்னதும் அதுதான். எனக்கு வேலை சுலபமாகிவிட்டது.

நாலரைக்கு லைன் வந்தது. வந்த இரண்டாவது நிமிஷம் மணி அடித்தது.

"அண்ணாச்சி இருக்காரா? என்ன இப்படிப் படக்குன்னு போனை வச்சிட்டாரு? இத்தன வருசத்துல ஒரு தடவகூட அவரு வச்சதில்லையே" என்றது வெண்ணெய்க் குரல். இன்றைக்கு வெண்ணெய் கொஞ்சம் உருகியிருந்தது.

லைன் அறுந்துபோயிற்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒத்துக்கொண்டார் என்று சொல்லவும்தான் திறந்தேன். அதற்குள் அவர் பொரிந்துகொண்டே போனார். அண்ணாச்சி வேறு ஏஜென்சிக்குப் போய்விட்டாரா, அப்படிப் போய்விடக் கூடாது, இந்த மாதிரி கிரேனுக்கு அவரை விட்டால் இந்தப் பட்டியலில் ஆளே இல்லை, கம்பெனி பெயர் சொல்லிக் கேட்கிறது.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம் அது. எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். சர்க்கரை வந்தது, கால் புண் வந்தது, மகள் பீஸ் வந்தது. "ஹலோ, இருக்கியளா? கேக்குதா?" என்றார். அவர் போனை வைத்துவிட்டால் போயிற்று. கூரை இல்லாத சுவரும், என் கையைப் பிடித்துக்கொண்ட அந்த அம்மாவின் முகமும் கண்முன் நின்றன. யாருடைய வீட்டை வைத்து நான் விளையாடுகிறேன்? சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. கை எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேஜையில் அந்த ஆரஞ்சு இருந்தது. எடுத்து, கப்பல்காரர் விட்ட இடத்திலிருந்து உரிக்க ஆரம்பித்தேன்.

பச்சைத் தோல் லேசில் வரவில்லை. எனக்கு நாடாவாகவும் வரவில்லை, துண்டு துண்டாகப் பிய்ந்தது. பம்பாய்க்காரர் இரண்டு முறை ஹலோ சொன்னார். ஒரு பெருமூச்சு கேட்டது. கடைசித் துண்டு தோல் என் விரலில் இருக்கும்போது குரல் வந்தது.

"சரி, எம் மொதலாளிகிட்ட நான் பேசிக்கிடுதேன். காத்திருக்க நாளுக்குப் பாதிக் கூலி. இதுக்கு மேல என்னால ஆகாது தாயி, அண்ணாச்சிகிட்ட சொல்லிருங்க."

"சொல்லிடறேனுங்க" என்றேன். போனை வைத்தேன். ஆரஞ்சு ஒரே புளிப்பு. முழுதையும் தின்றேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தார். பம்பாயிலிருந்து கூப்பிட்டார்கள், ஐம்பதும் உண்டு, காத்திருக்கிற நாளுக்குப் பாதியும் உண்டு, அவர்களாகவே சொன்னார்கள் என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. அவர் நெசமாலுமா என்று இரண்டு தடவை கேட்டார். நேரே ஓடு விற்கிறவரிடம் போனார். மழை பிடிப்பதற்கு மூன்று நாள் முன்னால் கூரை ஏறிவிட்டது.

ஐப்பசியில் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். என்னை ஜீப் அனுப்பி அழைத்துப்போனார்கள். அவர் மனைவி என்னை விட்டு நகரவே இல்லை. நான் சொல்லித்தான் அவர் இறங்கிவந்தார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாயசத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் அந்த மனிதரின் வேலையை வைத்துச் சூதாடியிருக்கிறேன். ஜெயித்துவிட்டால் அது தப்பில்லை என்று ஆகிவிடுமா?

சாப்பாடு முடிந்ததும் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்த்துத்தான் போய் உட்கார்ந்தேன், அவருடைய இடது பக்கமாக. எதிரே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னேன். நீங்கள் ஒத்துக்கொண்டதாக நான் சொல்லவில்லை, சும்மா இருந்தேன், அவர் வைத்துவிட்டிருந்தால் உங்கள் வேலை போயிருக்கும், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லி முடித்ததும் மனம் லேசாகிவிட்டது. அவருக்கும் கேட்டிருக்காது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சட்டைப் பையில் கை விட்டு ஒரு ஆரஞ்சை எடுத்தார். காம்பில் நகத்தை வைத்து உரிக்க ஆரம்பித்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பாதித் தோல்கூட வரவில்லை, நான் எழுந்து நாற்காலியை அவருக்கு வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து அத்தனையும் சொல்லிவிட்டேன். அவருடைய ஆரஞ்சு உட்பட.

அவர் நாடாவை அறுக்காமல் உரித்து முடித்தார். பழத்தைப் பிளந்து பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"அதிருக்கட்டுங்க அம்மணி. அந்த மனுசனுக்குக் கால் புண்ணு ஆறிருச்சாமா? கேட்டீங்களா?" என்றார்.

நான் கேட்கவில்லை.